கிளட்ச் பெடலின் குறைகள்

ஜூன் 1, ஞாயிறு

இன்று காருக்குப் பெடல் வைத்தாயிற்று.

எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் மூன்று வருஷமாக வளர்ந்துகொண்டிருக்கும் கார் இது. கதவு கிடையாது, கூரை கிடையாது, சீட்டு இரண்டே இரண்டு. எஞ்சின் ஒரு பழைய வேனிலிருந்து கழற்றியது. இரும்புக் குழாய்களை வெட்டி ஒட்டி உடம்பைச் செய்தது நானும் ஜெகநாதனும். ஜெகநாதன் வெட்கிரைண்டர் கம்பெனி வைத்திருக்கிறார். வெல்டிங்கில் கெட்டிக்காரர், வாயை மட்டும் வெல்டு வைத்து மூட முடியாது. நான் பல் டாக்டர் வையாபுரி. ஐம்பத்தொரு வயதில் இதெல்லாம் என்ன கிறுக்கு என்று என் மனைவி கலாமணி ஆரம்பத்தில் கேட்டாள். இப்போது கேட்பதில்லை, அவளுடைய ஸ்கூட்டரை வெயிலில் நிறுத்தப் பழகிவிட்டாள்.

முதலில் ஆக்சிலேட்டர். பெடலைத் தரை வரை மிதித்தும் கார்புரேட்டர் முழுக்கத் திறக்கவில்லை. கேபிள் முனையைப் பெடலின் மேல் துளைக்கு மாற்றியதும் திறந்தது. வேகத்தில் மிதித்துக் கேபிளை அறுத்துவிடக் கூடாது என்று பெடலுக்குக் கீழே ஒரு தடுப்பு போல்ட் வைத்தேன். கிளட்ச் சொன்னபடி கேட்டது. ஜெகநாதன் உட்கார்ந்து மிதித்துப் பார்த்து, "வெண்ணெய்ங்க டாக்டர்!" என்றார்.

ஜூலை 20 ஞாயிறு, ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்கை வீட்டில் கார் கட்டியவர்களுக்கென்று ஒரு நாள் திறந்துவிடுகிறார்கள். பேர் கொடுத்துவிட்டேன். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் வாய்க்குள் குனிந்து கிடக்கிறவனுக்கு அந்த ஒரு நாள் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

ஜெகநாதன் போன பிறகு நெடுநேரம் உட்கார்ந்து கியர் மாற்றினேன். கலாமணி டீ கொண்டுவந்தபோது வாயால் எஞ்சின் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டாள்.

ஜூன் 4, புதன்

கிளினிக் முடிந்து வந்து காரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். சோபாவை விட சுகம். கால் நீட்ட இடம், இடது முழங்கால் சாய்ந்துகொள்ள ஓரத்தில் ஒரு குழாய். வேறென்ன வேண்டும். படியேறும்போது இடது செருப்பு கழன்று கீழே விழுந்தது. பழைய செருப்பு.

ஜூன் 8, ஞாயிறு

கிளட்ச் பெடல் உயரமாக இருக்கிறது. முதல் நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று தெரியவில்லை. காலைத் தூக்கி வைக்கும்போது ஷூவின் முனை பெடலின் கீழ் விளிம்பில் முட்டுகிறது. ஒரு கட்டைவிரல் அளவு இறக்கினேன். மதியம் முழுவதும் உட்கார்ந்து சோதித்தேன். பரவாயில்லை. நாளைக்கு இன்னும் கொஞ்சம் இறக்கலாம்.

ஜூன் 11, புதன்

புதுச் செருப்பு வாங்கினேன். இதுவும் கழல்கிறது. கலாமணி சொல்கிறாள், "ஏனுங்க, அந்தச் செருப்பும் எடது கால்ல தான் கழண்டுச்சு, இதும் எடது கால்ல தான் கழலுது." கடைக்காரன் இடது காலுக்கு மட்டும் மட்டமாகத் தைக்கிறான் என்றேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரசுப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர் அவள். எல்லோருடைய காலையும் பார்ப்பது அவளுக்குத் தொழில் பழக்கம்.

ஜூன் 15, ஞாயிறு

பெடலை இதற்கு மேல் இறக்கினால் தரையில் தட்டும். அப்படியும் முனை மாட்டுகிறது. யோசித்ததில் குறை உயரத்தில் இல்லை, இடத்தில் என்று பட்டது. கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் கால் புழங்க இடம் போதவில்லை. கிளட்ச்சை இடது பக்கம் தள்ள முடியாது, கியர்பாக்ஸ் மேடு தடுக்கிறது. ஆகவே பிரேக்கை வலது பக்கம் நகர்த்தினேன்.

போனில் சொன்னதும் ஜெகநாதன் கத்தினார். "டாக்டர், அப்படித் தள்ளுனா பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒட்டிக்குமுங்க. ஒரே மிதில ரெண்டையும் மிதிச்சுப் போடுவீங்க."

"எனக்கு ஒடுக்கமான கால். நீங்க கவலைப்படாதீங்க" என்று வைத்துவிட்டேன். எப்போதிருந்து இவர் கால் நிபுணர் ஆனார்?

ஜூன் 17, செவ்வாய்

மதியம் ஒரு நோயாளி வரவில்லை. வீட்டுக்கு வந்து காரில் உட்கார்ந்தேன். கிளட்ச்சை மிதிக்கப் போனபோது இடது கால் பெடலுக்கு அடியில் புகுந்துகொண்டது. முன்னால் தள்ளினால் எஞ்சினை மறைக்கும் தகடு, பின்னால் இழுத்தால் ஷூ பெடலில் கொக்கிபோல் மாட்டுகிறது. குனிந்து கையால் எடுக்கலாம் என்றால் ஸ்டியரிங் நெஞ்சில் இடிக்கிறது. சாரல் வேறு. போன் உள்ளே மேசை மேல்.

அப்படியே இருந்தேன். நானே அளவெடுத்து நானே செய்த காரில் நானே மாட்டிக்கொண்டு கிடக்கிறேனே என்று ஆத்திரமாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பயமாகவும் இருந்தது. அதை ஏன் எழுதாமல் விடவேண்டும், இருந்தது.

கலாமணி பள்ளி விட்டு வந்தாள். "என்னுங்க, மழைல உக்காந்துட்டு?"

"சும்மா. ஒரு அளவு பாக்கறேன்."

"எறங்கி வாங்க, பஜ்ஜி போடறேன்."

"நீ போ, வர்றேன்."

அவள் உள்ளே போனதும் ஷூவை அங்கேயே விட்டுவிட்டுக் காலை மட்டும் உருவிக்கொண்டு வந்தேன். பஜ்ஜி நன்றாக இருந்தது. ஒற்றைக் காலில் ஷூ இல்லாததைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

கிளினிக்கில் கருவிகளைக் கொதிக்கவைக்கும் தண்ணீரை நர்ஸ் பெண் என் இடது கால்மேல் கொட்டிவிட்டாள். பதறி அழவே ஆரம்பித்துவிட்டாள். "சூடே இல்லம்மா, எதுக்கு அழறே?" என்று சமாதானம் செய்தேன். ஸ்விட்ச் போட மறந்திருப்பாள் போல.

ஜூன் 21, சனி

இடது பாதத்தின் மேல் பெரிய கொப்புளம். புதுச் செருப்பு கடித்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் சண்டை.

ஹாலில் நடந்துபோனேன். அடுப்படியில் இருந்து கலாமணி, "நில்லுங்க" என்றாள். "திரும்ப நடங்க." நடந்தேன். "உங்களுக்குக் கேக்கலையா? வலது கால் சத்தமே இல்லாம வருது. எடது கால் மட்டும் டப்பு டப்புன்னு தரையை அறையுது."

மொசைக் தரை அப்படித்தான் என்றேன்.

"குதிகால்ல நில்லுங்க பாக்கலாம். ரெண்டு காலும். விரலைத் தூக்கோணும்."

நான் என்ன அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? இருந்தும் நின்றேன். வலது கால் விரல்கள் மேலே போயின. இடது கால் அப்படியே கிடந்தது. தூக்கு தூக்கு என்று உள்ளுக்குள் சொல்கிறேன், அது யாருக்கோ சொன்ன மாதிரி கிடக்கிறது.

"தூக்கக் கலக்கம்" என்றேன்.

"மணி பத்து ஆச்சுங்க."

அதற்கப்புறம் நான் பேசியது சரியில்லை. போர்ட்டிகோவுக்குப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன். கிளட்ச் பெடலின் விளிம்பை அரத்தால் ராவினேன். மதியச் சாப்பாட்டை அவள் மேசையில் மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 26, வியாழன்

அவளே ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுவிட்டு, ஸ்கூட்டரில் பின்னால் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன்.

நரம்பு டாக்டர் மெஹருன்னிசா என்னை விட இளையவர். என்னை "சார்" என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் பார்வையில் மரியாதை எதுவும் இல்லை. பாதத்தின் மேல் குண்டூசியால் குத்தினார். "தெரியுதா?" "லேசா." முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பை விரலால் தட்டினார். பாதம் வரை மின்சாரம் ஓடியது.

"பாதத்தைத் தூக்கற நரம்பு இந்த எலும்பைச் சுத்தித்தான் போகுது. மேல சதையே இல்ல, வெறும் தோல். இந்த இடத்தை ஏதோ தினமும் அழுத்திட்டு இருக்கு. கால்மேல கால் போட்டு உக்காருவீங்களா?"

"இல்ல."

"ரொம்ப நேரம் குத்தவைச்சு உக்காருவீங்களா?"

"இல்ல."

"அப்ப வேற எதுல சாயுறீங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

"கிளினிக் ஸ்டூலா இருக்கும்" என்றேன்.

கலாமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அழுத்துவதை இன்றே நிறுத்தினால் சில மாதங்களில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். நிறுத்தாவிட்டால் திரும்பாது. பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை எழுதிக் கொடுத்தார். "வண்டி ஓட்டாதீங்க. முக்கியமா கிளட்ச் வண்டி." கிளட்ச் என்ற வார்த்தையை அவர் வாயில் கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்தது.

ஜூன் 27, வெள்ளி

சும்மா ஒரு தரம் காரில் உட்கார்ந்து பார்த்தேன். இடது முழங்கால் சாய்கிற இடத்தில் கியர்பாக்ஸ் மேட்டின் ஓரக் குழாய் ஓடுகிறது. அங்கே மட்டும் பெயின்ட் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. எலும்பு உட்காரும் இடத்தில்தான்.

தற்செயலாக இருக்கலாம்.

ஜூன் 30, திங்கள்

மூன்று நாளாக உட்காரவில்லை. கிளினிக்கில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன்.

ஜூலை 2, புதன்

குழாய்மேல் துணி சுற்றிவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்தான். டிராக்கில் ஓட்டப்போவது மொத்தமே அரை மணி. அரை மணியில் ஒரு நரம்பு செத்துவிடுமா? பழகாமல் போய் நின்றால் கேவலம். பழகப் போனால் கால் போகிறது. கால் போகப் போகப் பெடலை மாற்றவேண்டி இருக்கிறது. பெடலை மாற்ற மறுபடி காரில்தான் உட்காரவேண்டும். இந்த வட்டத்தில் எந்த இடத்தில் இறங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வழி கண்டுபிடித்துவிட்டேன். கால் தூக்காவிட்டால் என்ன, தூக்கிவிட்டால் போயிற்று!

பல்லுக்குக் கிளிப் போடும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ரப்பர் வளையங்கள் கிளினிக்கில் டப்பா டப்பாவாக இருக்கின்றன. அவற்றைச் சங்கிலியாகக் கோத்து, ஒரு முனையை ஷூ லேஸில் கட்டி, மறு முனையை முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை போட்டு இறுக்கினேன். பாதம் தானாக மேலே நிற்கிறது. கிளட்ச்சை மிதித்தால் இறங்குகிறது, விட்டால் ரப்பர் மேலே இழுக்கிறது. இழுத்துக் கட்டுவதுதானே என் தொழில்.

பேன்ட்டை இறக்கிவிட்டால் வெளியே தெரியாது. டாக்டர் கொடுத்த பிளாஸ்டிக் பட்டை ஷூவுக்குள் நுழையவில்லை, பீரோவில் இருக்கிறது.

ஜூலை 9, புதன்

ரப்பர் நன்றாக வேலை செய்கிறது. முழங்காலுக்குக் கீழே பட்டை கட்டும் இடத்தில் சிவந்திருக்கிறது. அது பட்டையின் இறுக்கம், வேறொன்றுமில்லை. கலாமணியிடம் டிராக்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டேன். "நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததா" என்றாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் கலாமணி உழவர் சந்தைக்குப் போயிருந்தாள். எஞ்சினைக் கிளப்பி முதல் கியரில் போர்ட்டிகோவில் இருந்து கேட் வரை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். நன்றாகத்தான் போனது. மூன்று வருஷத்தில் முதல் தரம் அது தன் காலில் நகர்கிறது, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்போது கேட்டைத் திறந்துகொண்டு கலாமணி உள்ளே வந்தாள். இரண்டு கையிலும் பை.

நிறுத்தக் காலை எடுத்தேன். ரப்பர் அறுந்தது. இடது கால் தொப்பென்று விழுந்து கிளட்ச்சுக்கு அடியில் புகுந்துகொண்டது. கிளட்ச் இல்லை. பிரேக்கை மிதித்தேன். வலது ஷூவின் ஓரம் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்தது. நானே நகர்த்தி வைத்த பிரேக்! கார் நிற்பதற்குப் பதில் கத்திக்கொண்டு பாய்ந்தது. இன்னும் பலமாக மிதித்தேன், இன்னும் பலமாகக் கத்தியது. அவள் முகம் தெரிந்தது. சாவியை எப்படித் திருப்பினேன் என்று தெரியாது.

எஞ்சின் நின்றபோது கார் கேட் தூணில் முட்டிக்கொண்டு நின்றது. கலாமணி காம்பவுண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் ஒரு அடி தள்ளிக் குதித்திருக்காவிட்டால் தூணுக்கும் காருக்கும் நடுவில் இருந்திருப்பாள். விளையாட்டு டீச்சராக இருந்ததால் பிழைத்தாள். வேறு யாராவது என்றால் இன்றைக்கு நான் எங்கே உட்கார்ந்து என்ன எழுதிக்கொண்டிருப்பேன்? தக்காளி எல்லாம் சக்கரத்துக்கு அடியில்.

"எறங்குங்க" என்றாள்.

"முடியல கலா. கால் மாட்டிக்கிச்சு."

அவள் பையை வைத்துவிட்டு வந்து, காருக்குள் தலைகீழாகக் கவிழ்ந்து, பெடலுக்கு அடியில் கையை விட்டாள். லேஸை அவிழ்த்தாள். அறுந்த ரப்பர் சங்கிலி கையோடு வந்தது. அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பக்கத்துச் சீட்டில் வைத்தாள். ஷூவில் இருந்து என் பாதத்தை உருவி எடுத்து, கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வலிக்குதுங்களா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல கலா, ஒண்ணுமே ஆகல."

அவள் அழ ஆரம்பித்தாள். குனிந்து பார்த்தேன். பாதத்தின் மேல் தோலை இரண்டு விரலால் பிடித்து, தன் பலம் முழுவதையும் கொடுத்துக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நகம் பதிந்து ரத்தம் கசிந்தது.

எனக்குத் தெரியவில்லை. பார்த்திருக்காவிட்டால் தெரிந்தே இருக்காது.

ஜூலை 14, திங்கள்

டாக்டர் மெஹருன்னிசாவுக்கு நானே போன் செய்தேன். ஸ்டூல் இல்லை, கார் என்று சொன்னேன். துணி சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தது, ரப்பர், பட்டை, வெந்நீர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "பட்டையை எந்த இடத்துல கட்டுனீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அப்ப அதே நரம்பு மேலதான் இறுக்கிக் கட்டியிருக்கீங்க" என்றார்.

"திரும்புமா?" என்றேன்.

"போன மாசம் வந்தப்பவே இதைச் சொல்லியிருந்தா நிச்சயமாத் திரும்பும்னு சொல்லியிருப்பேன் சார். இப்ப தெரியாது. பாக்கலாம்."

நானும் நோயாளிகளிடம் இதே குரலில் "பாக்கலாம்" சொல்கிறவன்தான். அந்த வார்த்தைக்குப் பொருள் எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன்.

சாயங்காலம் ஜெகநாதனைக் கூப்பிட்டு, பெடல்களை முதல் நாள் வைத்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொன்னேன். டிராக்கில் நீங்களே ஓட்டுங்கள் என்றும் சொன்னேன். "ஏனுங்க டாக்டர்?" என்றார். முதுகு வலி என்றேன். கலாமணி காபி டம்ளரோடு வாசலில் நின்றாள். அவர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

குட்டியானை லாரியில் காரை ஏற்றிக்கொண்டு டிராக்குக்குப் போனோம். பிளாஸ்டிக் பட்டைக்காக ஒரு அளவு பெரிய ஷூ வாங்கிப் போட்டிருந்தேன். பேன்ட்டை இறக்கிவிட்டேன். மேகம் போட்டிருந்தது, நல்ல காற்று. எங்களோடு சேர்த்து ஏழெட்டுக் கார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணலில் இருந்தது, எங்களுடையதுதான் அழகு. இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை.

ஜெகநாதன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கம்பி வேலி ஓரமாக நின்றேன். கார் கிளம்பி, முதல் வளைவில் கியர் மாறும் சத்தம் கேட்டது. ஒரு தயக்கம் இல்லை, ஒரு உதறல் இல்லை. நேர்ப்பாதையில் அது எங்களைத் தாண்டிப் போனபோது கையைத் தூக்கிக் கத்தினேன். சந்தோஷம்தான். பொறாமையும்தான். என் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார், அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தது நான்தான், அப்படியும் அவரை இழுத்துக் கீழே போட வேண்டும்போல் இருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஜெகநாதன் திரும்பி வந்து இறங்கியபோது மற்ற கார்க்காரர்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். அவருக்குக் கேட்கவா வேண்டும், கச்சேரி ஆரம்பித்துவிட்டது.

"ஆக்சிலேட்டர் சொன்ன பேச்சு கேக்குதுங்க! கிளட்ச்சு இருக்குதே, வெண்ணெய்! ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா இந்த டாக்டர் இருக்காரே, ஒரு மாசமா அந்தக் கிளட்ச்சைப் போட்டுப் பாடாய்ப் படுத்திட்டாருங்க. எறக்குனாரு, ராவுனாரு, பிரேக்கை வேற நகத்துனாரு. கடைசீல பாத்தா மொத நாள் வெச்ச எடத்துலயே தான் இருக்குது. ஏனுங்க டாக்டர், அதுல என்ன தாங்க குறை கண்டீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு முதுகு வலி என்று மறுபடி சொல்லியிருக்கலாம். கலாமணி பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளட்ச்சுல ஒரு குறையும் இல்லீங்க" என்றேன். "என் கால்தான். இடது கால் செத்துப்போச்சு. ஒரு மாசமா அதை யாருக்கும் சொல்லாம கிளட்ச்சு மேல பழி போட்டுட்டு இருந்தேன்."

பேன்ட்டை முழங்கால் வரை தூக்கிக் காட்டினேன்.

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஜெகநாதன் வாயைத் திறந்து, மூடி, ஹெல்மெட்டை ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். இத்தனை வருஷத்தில் அவர் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

நிற்க முடியவில்லை. கலாமணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து போட்டாள். உட்கார்ந்தேன்.